குணசீலனின் இடது கைச் சட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட் மேட்டுக்கு மூன்று இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தென்னை மட்டைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

மூவரும் பெங்களூருக்காரர்கள். தீவு பார்க்க வந்தவர்கள், இங்கே டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஃபெர்ரி பிடித்து வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பெரிய பை. பைக்குள் வரிசையாக வீசி ஆடும் தட்டுகள், ஒருவரிடம் இருபதுக்குக் குறையாது. இங்கே ஆடுகிற எங்கள் பதினான்கு பேரிடமும் இருந்ததைச் சேர்த்தால்கூட அவ்வளவு வராது.

அன்று முதல் வீச்சு குணசீலனுடையது. காக்கி அரைக்கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, இடது கையில் தட்டைப் பிடித்து, உடம்பைத் திருப்பி வீசினான். அடுத்து டீக்கடை பிஸ்வாஸ் வீசினார். இடது கை. அடுத்து பள்ளிக்கூட டீச்சர். இடது கை. அடுத்து நான். இடது கை.

விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொப்பி போட்ட பையன்தான், நீங்கள் எல்லோருமே இடது கைக்காரர்களா என்று கேட்டான்.

"அங்கிள், ஆப் ஸப் லெஃப்டி ஹை க்யா?"

"கேம் கா ரூல் ஹை நா, பேட்டா. பாயா ஹாத்" என்றான் குணசீலன். ஆட்டத்தின் சட்டமே இடது கைதானே என்று அவன் சொன்ன தோரணையைப் பார்த்து மூவரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். ஒருவன் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

தொப்பிக்காரன் ஒரு தட்டை எடுத்து வலது கையால் வீசிக் காட்டினான். "உலகம் பூரா இப்படித்தான் அங்கிள்" என்றான்.

குணசீலனும் சிரித்தான். "ஹமாரா ஐலண்ட் மே ஐஸா ஹி ஹை" என்றான். எங்கள் தீவில் இப்படித்தான். சொல்லிவிட்டுத் திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தான்.

நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்த ஒரு பார்வை என்னை எத்தனையோ நாள் தூங்கவிடவில்லை. காரணம் இருந்தது. உலகம் முழுவதும் பெரும்பாலானவர்கள் வலது கையால்தான் ஆடுகிறார்கள் என்பது எனக்கு அதற்கு எட்டு மாதம் முன்பே தெரியும். தெரிந்தும் குணசீலனிடம் மறைத்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் அவன் அந்தப் பெங்களூர்ப் பிள்ளைகள் முன்னால் அப்படி நின்றிருக்க மாட்டான்.

தட்டும் கூடையும்

புதிதாக இந்தத் தொடருக்கு வருபவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் கருப்பையா. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் போர்ட் பிளேர். ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள், எங்கள் வாய்தான் இன்னும் பழகவில்லை. ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

டிஸ்க் கோல்ஃப் என்றால் பயந்துவிட வேண்டாம். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. தட்டை வீச வேண்டும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும், கூடைக்குள் போட வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயித்தவர். இவ்வளவுதான்.

நாங்கள் அதைத் தட்டு வீச்சு என்றுதான் சொல்வோம். ஒரு தடவை என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவிடம், "அவரு தட்டு வீசப் போயிருக்காரு" என்று சொல்லி, அந்த அம்மா எங்கள் வீட்டில் ஏதோ சாப்பாட்டுச் சண்டை என்று நினைத்து ஒரு வாரம் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தீவுக்கு அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் குணசீலன். கூடை செய்தவன் அவன், மேட்டில் முள் வெட்டிப் பாதை போட்டவன் அவன், எங்கள் அத்தனை பேருக்கும் முதல் தட்டைக் கையில் கொடுத்தவன் அவன்.

என் வலது கை

ஆட்டத்துக்குப் போகுமுன் என் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இந்த அத்தியாயம் நகராது.

துறைமுகத்தில் எனக்கு கிரேனுக்குக் கைகாட்டுகிற வேலை. மெயின்லேண்ட் கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது கீழே நின்று சைகை செய்வேன். ஒருநாள் சிமென்ட் மூட்டைகளைக் கட்டிய இரும்புக் கயிற்றைச் சரி செய்யக் கையை உள்ளே விட்டேன். மேலே தூக்கு என்று சைகை கொடுத்தவனும் நானேதான். யாரையும் குறை சொல்ல வழியில்லை. வலது கையில் மூன்று விரல் போயிற்று. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். மணிக்கட்டு திரும்பாது.

சென்னையில் சில மாதம் ஆஸ்பத்திரி வாசம். திரும்பி வந்ததும் என்னைத் துறைமுக வாசல் கேட்டில் பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். இடது கையால் எழுதப் பழகினேன். இந்தத் தொடரையும் அந்தக் கையால்தான் எழுதுகிறேன். என் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோல இருப்பதாகப் பத்திரிகை அலுவலகத்தில் புலம்புவதாகக் கேள்வி. அவர்கள் பாடு.

எழுதுவது பெரிய விஷயமில்லை. சாப்பிடுவதுகூடப் பழகிவிட்டது, ஸ்பூன் இருக்கிறது. கொடுப்பதும் வாங்குவதும்தான் கஷ்டம்.

நம் ஆட்களிடம் இடது கையால் ஒன்றை நீட்டிப் பாருங்கள். முகத்தில் சட்டென்று ஒரு மாற்றம் வரும். பிறகு உங்கள் வலது கையைப் பார்ப்பார்கள். பிறகு, "அய்யோ, பரவாயில்லைங்க" என்பார்கள். அந்தப் பரவாயில்லையைவிட அவர்கள் திட்டியிருந்தாலே தேவலை.

கோயிலில் விபூதிக்குக் கையை நீட்டினால் குருக்கள் ஒரு கணம் தயங்குவார். கல்யாண வீட்டில் அட்சதைத் தட்டு என்னிடம் வரும்போது தட்டைப் பிடித்திருக்கிற பெண் தானே எடுத்து என் சார்பில் போட்டுவிடுவாள்.

அதனால் ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன். யாரிடம் எதைக் கொடுத்தாலும் அவர்கள் முகம் மாறும் முன்பே சொல்லிவிடுவேன்: "இடது கைன்னு நினைச்சுக்காதீங்க." கடைக்காரரிடம், கண்டக்டரிடம், சொந்தத் தங்கை மகளிடம். நாளுக்கு முப்பது நாற்பது தடவை. இந்தியில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு வடிவம் வைத்திருந்தேன்.

பிறகு சொல்லி அலுத்துப்போய், வெளியே போவதையே நிறுத்திக்கொண்டேன். வேலை விட்டால் ஹேடோ குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸ் விட்டால் வேலை.

இருக்கிறதைக் கொடுத்துவிடுகிறவன்

குணசீலன் ஃபெர்ரி என்ஜின் பழுது பார்க்கும் மெக்கானிக். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் அப்பா அம்மா சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் அவர்களைக் குடியேற்றினார்கள். அங்கே பிறந்தவன் வேலைக்காகப் போர்ட் பிளேர் வந்தான். முடியாது என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. "ஏலாது" என்பான். அதையும் மற்றவர்களிடம் சொன்னது குறைவு.

கடல் பொங்கி வந்த அந்த வருடம் கச்சாலில் அவன் பெற்றவர்கள் வீடு சாமான் செட்டோடு போனது. உயிர் மிஞ்சியது பெரிய விஷயம். அதன்பிறகு அவனுக்குப் பொருள் விஷயத்தில் ஓர் அலட்சியம் வந்துவிட்டது. இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுவான்.

மழைக்காலத்தில் குடையோடு கிளம்பி நனைந்துகொண்டு வேலைக்கு வருவான். வழியில் யாரிடமோ குடை போயிருக்கும். ஒருமுறை கச்சாலுக்குக் கப்பலில் போகும்போது தன் படுக்கை இடத்தை ஒரு நிகோபாரிக் கிழவருக்குக் கொடுத்துவிட்டு இரண்டு ராத்திரி மேல்தளத்தில் உட்கார்ந்தே போனான். காய்ச்சலோடு இறங்கினான். அவன் மனைவி ராணி இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். அடுத்த வாரம் வேறெதையாவது கொடுப்பான்.

நான் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில்தான் ஒரு வெளிநாட்டுப் பாய்மரப் படகு என்ஜின் கோளாறாகித் துறைமுகத்தில் வந்து நின்றது. தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர், தனி ஆள். குணசீலன் லீவு போட்டு என்ஜினைச் சரி செய்து கொடுத்தான். காசு வேண்டாம் என்றுவிட்டான். தாடிக்காரர் ஒரு பை நிறையத் தட்டுகளைக் கொடுத்து, ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இது குணசீலன் எனக்குச் சொன்ன கதை. அந்த வெள்ளைக்காரர் இடது கைக்காரர் என்பதும் அவன் சொன்னதுதான்.

ஆட்டுக்கு விழுந்த அடி

ஊர் திரும்பிய சில வாரத்தில், ஒரு ஞாயிறு காலை, குணசீலன் என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றான்.

"அண்ணே, ஒரு ஆட்டம் வந்திருக்கு. இடது கையால ஆடுற ஆட்டம். வாங்க போவோம்."

எனக்குச் சுருக்கென்றது. "மாப்ள, என்னை வச்சு விளையாடறியா?"

"சத்தியமாண்ணே. வெள்ளைக்காரன் சொன்ன ரூலு. வலது கையால போட்டா அவுட்டு. எனக்குச் சுத்தமா ஏலல. நீங்க வந்து பாருங்க, சிரிப்பீங்க."

சிரித்தேன். அவன் வீசிய முதல் தட்டு கூடைக்கு நேர் எதிர்த் திசையில் போய், மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் முதுகில் விழுந்தது. ஆடு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது. அவ்வளவு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு நான் வீசினேன். தட்டு நேராகப் போயிற்று. கூடைக்குள் விழவில்லை என்றாலும் பக்கத்தில் விழுந்தது. மாதக்கணக்காகப் பல் தேய்த்தும் சாப்பிட்டும் பழகிய கை அல்லவா.

"அண்ணே, நீங்கதான் இனி எங்களுக்கு வாத்தியார்" என்றான் குணசீலன். எனக்கு அது சும்மா சொல்கிற வார்த்தையாகத் தோன்றவில்லை. உண்மையிலேயே அங்கே நான்தான் கெட்டிக்காரன்.

மேட்டுக்குள் வந்தால்

மேலும் ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஜெட்டி பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பிஸ்வாஸ், வங்காளிக்காரர். சொல்லப்போனால் நான் வரும் முன்பே அவர் இருந்தார். பிறகு டீச்சர், இரண்டு தெலுங்குக்காரர்கள், ஒரு மலையாளி நர்ஸ் என்று பதினான்கு பேர் சேர்ந்தோம்.

தட்டெல்லாம் குணசீலன் கொடுத்ததுதான். தாடிக்காரர் கொடுத்த பை முதல் வருடத்திலேயே காலி. பிறகு மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் அவர்களிடம் சொல்லி வரவழைப்பான். கடைசியில் அவனிடம் மிஞ்சியது நாய் கடித்து ஓரம் பிய்ந்த ஒரு மஞ்சள் தட்டு மட்டும்.

கூடைகளையும் அவனே செய்தான். தண்ணீர்க் குழாய் ஒன்றை நட்டு, மேலே சைக்கிள் ரிம், ரிம்மைச் சுற்றி நாய் கட்டும் சங்கிலிகள், கீழே தட்டை ஏந்த மீன்வலை. சங்கிலியில் தட்டு பட்டால் கலீரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கும்.

மேட்டின் இடது ஓரத்தில் சதுப்புக் காடும் ஓடையும். முதலை நடமாட்டம் உண்டு என்று பலகை வைத்திருக்கிறார்கள். இடது கையால் வீசும் தட்டு வேகம் குறையும்போது வலது பக்கம் சாயும் என்பதால் பாதைகளையெல்லாம் வலப்புறம் வளைத்துப் போட்டிருந்தான். ஓடைப் பக்கம் போவது அபூர்வம். போனால் முதலைக்குப் படையல் என்று விட்டுவிடுவோம்.

குணசீலன் ஒரு சட்டம் வைத்திருந்தான். மேட்டுக்குள் வந்துவிட்டால் எல்லாமே இடது கை. வீசுவது மட்டுமல்ல, தட்டைக் கொடுப்பது, வாங்குவது, ஆட்டம் முடிந்து பிஸ்வாஸ் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றும் டீ கிளாஸைப் பிடிப்பதுவரை. யாராவது மறந்து வலது கையை நீட்டினால் பதினாலு பேரும் "பாயா, பாயா" என்று கத்துவோம்.

பிஸ்வாஸின் மனைவி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "சீ, சீ, கந்தா ஆத்மி லோக்" என்று சொல்லிவிட்டுப் போனார். அசிங்கம் பிடித்த மனுஷர்களாம். நாங்கள் இடது கையாலேயே டாட்டா காட்டி அனுப்பி வைத்தோம்.

அந்த மேட்டில் மட்டும் என் வாக்கியத்துக்கு வேலை இருக்கவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம், நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாத மூன்று மணி நேரம்.

கடலுக்கடியில் கம்பி வந்தது

அந்தக் காலத்தில் எங்கள் தீவில் இன்டர்நெட் என்பது செல்போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது. வீடியோ ஒன்றைத் திறந்துவிட்டுச் சோறு வடித்துவிட்டு வந்து பார்க்கலாம், அதே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். கடலுக்கடியில் கம்பி போட்டு மெயின்லேண்டிலிருந்து இணைப்பு வந்த பிறகுதான் எல்லாம் ஓட ஆரம்பித்தது.

ஒரு காலை கேட்டில் லாரி எதுவும் வராத நேரத்தில் டிஸ்க் கோல்ஃப் என்று தேடினேன். வந்தது. ஒருவர் பின் ஒருவராக வீசினார்கள். வலது கை. வலது கை. வலது கை. எங்கோ ஓர் இடது கைக்காரர் வந்தார், அவரை ஏதோ அதிசயம்போலக் காட்டினார்கள்.

பாவம், தாடிக்காரர் இடது கைக்காரராக இருந்துவிட்டார், இவன் அதையே சட்டம் என்று பிடித்துக்கொண்டான் என்று நினைத்தேன். அன்று மாலையே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

சொல்லவில்லை. ஏன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். வலது கை என்று தெரிந்துவிட்டால் பதிமூன்று பேரும் மாறிவிடுவார்கள். நான் மறுபடி ஓரத்தில் நின்று பார்ப்பவன். பிறகு டீ கிளாஸும் வலது கைக்குப் போகும். எனக்கு அந்த மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது.

குணசீலனிடம் இருந்தது பொத்தான் செல்போன். அவன் தானாகப் பார்க்க வாய்ப்பில்லை என்று கணக்குப் போட்டேன். எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். பெங்களூர்ப் பிள்ளைகள் வரும்வரை.

விருந்தாளிகள் போன பிறகு

அன்றைய ஆட்டத்தில் பெங்களூர்க்காரர்கள் தோற்றார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வலது கையால் வீசிய தட்டுகள் இடப்பக்கம் சாய்ந்து ஓடைக்குள் போய்க்கொண்டே இருந்தன. ஆறு தட்டு முதலைக்கு.

மறுநாள் நீர் வற்றிய நேரம் பார்த்து குணசீலன் ஓடைக்குள் இறங்கியிருக்கிறான். இரண்டு தட்டு கிடைத்தது. அவன் வீடு பத்துபஸ்தியில், விமான நிலையத்துக்கு நடக்கிற தூரம். பிள்ளைகள் விமானம் ஏறும் முன் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தான். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்காக முதலை ஓடையில் இறங்கியவன். அதைக் கேட்டு எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் சட்டம் மாறவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மற்றவர்களும் ஒன்றும் கேட்கவில்லை, அது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவுமில்லை.

சில மாதம் கழித்து அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிட்டப் போனேன். "அண்ணே, ஏழாவது கூடையில வலை கிழிஞ்சிருக்கு, பாத்துக்கங்க" என்றான். சரி என்றேன். அதற்குள் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் திரும்பி வரவில்லை.

ஏழாவது கூடைக்கு வலை மாற்றினேன். ஞாயிறுதோறும் போனேன். ஆனால் இடது கையால் வீசும்போதெல்லாம் அவன் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை வந்து நிற்கும். எட்டு மாதம் தெரிந்துவைத்துக்கொண்டு என்னை ஊர் சிரிக்க விட்டீங்களே அண்ணே என்று கேட்கிற பார்வை. இரண்டு வருடம் அதைச் சுமந்தேன்.

பத்துபஸ்தி வீட்டில்

போன மழைக்காலத்தில் ராணி கூப்பிட்டு அனுப்பினாள். அவருடைய பையில் பூஞ்சை பிடிக்கிறது, வந்து எடுத்துப் போங்கள் என்று.

அந்த வீட்டில் பேசுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். விமானம் தாழப் பறக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி, சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து பிடிக்க வேண்டும். ராணிக்கு அது மூச்சு விடுவதுபோல வரும்.

பையில் மஞ்சள் தட்டு இருந்தது. அடியில் ஒரு கவர். கவருக்குள் ஒரு போட்டோ. தாடிக்காரர் ஊர் போய்ச் சேர்ந்து தபாலில் அனுப்பியது என்றாள் ராணி.

கரையில் தாடிக்காரரும் குணசீலனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டு வீசுகிறார்கள். இரண்டு பேரும் வலது கையால்.

படம் இடம் வலம் மாறிப் பதிவாகியிருக்கும் என்று நினைத்தேன். பின்னால் படகின் பெயர் ஆங்கிலத்தில் தெரிந்தது. எழுத்தெல்லாம் நேராகவே இருந்தன.

"ராணி, இவரு இடது கைக்காரர்னுதானே சீலன் சொன்னான்?"

"யாரு, அந்தத் தாடிக்காரரா? இல்லையே. வலது கைதான். இவரும் மொதல்ல வலது கையாலதான் போட்டாரு. நல்லாப் போடுவாரு, அந்தக் கடைசித் தென்னை வரைக்கும் போவும்."

ஒரு விமானம் வந்தது. காத்திருந்தோம்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்தீங்கல்ல, ஒங்களப் பாக்க வந்தாரு. நீங்க டீ குடுத்தீங்களாம். குடுக்கும்போது, இடது கைன்னு நினைச்சுக்காதன்னு இவருகிட்டயே சொன்னீங்களாம். வீட்டுக்கு வந்தவரு சோறு திங்கல. எங்கிட்டயே சொல்றாருடி அண்ணன், எங்கிட்டயேன்னு ஒரே பொலம்பல்."

எனக்கு அந்த டீ ஞாபகமே இல்லை. நாளுக்கு நாற்பது தடவை சொல்கிறவனுக்கு எதுவென்று ஞாபகமிருக்கும்.

"மறுநாள் காலையில பின்கட்டுல நின்னு இடது கையால போட ஆரம்பிச்சாரு. மூணு வாரம். என் முருங்கை மரத்துல ஒரு பூ நிக்கல. கோழி முட்டை போடறத நிறுத்திருச்சு. என்னாங்க இது பைத்தியக்காரத்தனம்னேன். அண்ணன் வெளிய வரணும், அதுக்கு ஒரு ரூலு வேணும்னாரு." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்?"

மடியில் இருந்த வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றே எழுதுகிறேன், இதில் என்ன இருக்கிறது.

பிறகு எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். வீடியோ பார்த்தது, எட்டு மாதம் மறைத்தது, பிள்ளைகள் சிரித்தது, அவன் என்னைத் திரும்பிப் பார்த்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ராணி கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமாண்ணே? மானம் போயிருந்திருக்கும்டி ராணி. அந்தப் பயலுவ ஒடைச்சுப் பேசிட்டானுவ. அண்ணன் கண்டுபிடிச்சிருவாரோன்னு நெஞ்சு பதறிப் போச்சு. திரும்பிப் பாத்தேன். நல்ல வேளை, அண்ணன் எதையும் கவனிக்காம கடலப் பாத்துக்கிட்டு நின்னாருன்னாரு. அன்னைக்கு ரெண்டு ஆளு சோறு தின்னாரு."

அவன் என்னிடமிருந்து மறைக்க, நான் அவனிடமிருந்து மறைக்க, இரண்டு பேரும் தப்பித்ததாக நினைத்து வீட்டுக்குப் போயிருக்கிறோம். ஒரு பெரிய மூட்டையைக் கிரேன் என் தோளிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. நன்றாகச் சாப்பிட்டான் என்று கேட்டது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கிளம்பும்போது ராணி பையை எடுத்து நீட்டினாள். இடது கையால்.

பிஸ்வாஸ் முயற்சி செய்தார்

அடுத்த ஞாயிறு மேட்டில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திப் போட்டோவைக் காட்டினேன். "வலது கையிலயும் போடலாம். ரூல் கீல் ஒண்ணும் கிடையாது. சீலன் எனக்காகச் சொன்ன பொய்" என்று தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை சொன்னேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. டீச்சர் செருப்பைப் பார்த்தார். பிஸ்வாஸ் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"மாலூம் ஹை, தாதா" என்றார். அவர் பாஷையில் தாதா என்றால் அண்ணன்.

"தெரியுமா? எப்பத்திலிருந்து?"

"ஷுரூ ஸே." ஆரம்பத்திலிருந்தே. முதல் சில நாள் அவரும் வலது கையால்தான் வீசியிருக்கிறார். "சீலன் பாய் நே போலா, தீன் மஹீனா பாயா ஹாத் ஸே கேலோ. தாதா கே லியே." தாதாவுக்காக மூன்று மாதம் இடது கையால் ஆடுங்கள் என்று குணசீலன் கேட்டுக்கொண்டானாம்.

"மூணு மாசம் ஆகிப் பல வருஷம் ஆச்சே?"

பிஸ்வாஸ் தோளைக் குலுக்கினார். "ஆதத் ஹோ கயா." பழகிவிட்டது.

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அவரவர் செல்போனில் தெரிந்திருக்கிறது. எல்லோரும் என் முன்னால் மட்டும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்கள். தீவிலேயே கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த நான்தான் எல்லோரையும்விடப் பெரிய மக்கு.

"சரி, இப்ப வலது கையால ஒண்ணு போடுங்க, பாப்போம்" என்றேன்.

பிஸ்வாஸ் எழுந்தார். கையை உதறிக்கொண்டு, தோரணையாக நின்று, வலது கையால் வீசினார். தட்டு செங்குத்தாக எழுந்து, திரும்பி, எங்கள் தலைக்கு மேலேயே பறந்து ஓடைக்குள் விழுந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம்.

"முதலைக்கு" என்றார் டீச்சர்.

பிஸ்வாஸ் அடுத்த தட்டை இடது கையில் எடுத்துக்கொண்டார். ஆட்டம் ஆரம்பித்தது. நான் அன்று நாய் கடித்த மஞ்சள் தட்டால் ஆடினேன். சுமாராகத்தான் போயிற்று.

மதியம் வீடு திரும்ப, எதிர்க்கரையில் சாத்தம் ஜெட்டிக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறினேன். படிக்கட்டில் டிக்கெட் கிழிப்பவர் புது ஆள், கையை நீட்டினார். வாய் தானாகத் திறந்தது, இந்தி வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. மூடிக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் இடது கையால் டிக்கெட்டை நீட்டினேன்.

அவர் வாங்கினார், கிழித்தார், பாதியைத் திருப்பிக் கொடுத்தார், எனக்குப் பின்னால் கூடையோடு நின்ற அம்மாவிடம் கையை நீட்டினார். என் கையை அவர் பார்க்கக்கூட இல்லை.